அரவானுக்கு ஓர் இரவு, ஹென்றிக்கு ஒரு வாழ்நாள்

தர்மபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கம் அரசகுமாரர்களின் காதல் கதை அன்று இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. படுகளமும் தீமிதியும் முடியும்வரை ஊரில் வேறு பேச்சு இருக்காது. சாமையும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மானாவாரிச் சீமை இது. நாகமரையிலும் ஒட்டனூரிலும் மேட்டூர் நீர்த்தேக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தாலும், மேட்டுக்காட்டு உழவர் பார்ப்பது வானத்தைத்தான். வடதமிழ்நாட்டில் மழை வேண்டி விராட பர்வக் கூத்து வைப்பது பழைய வழக்கம். அந்தக் கதையின் நடுவில் நிற்பவன் யார்? ஊர்வசியின் சாபத்தால் ஓராண்டு பேடியாகி, பிருகன்னளை என்ற பெயரில் விராடன் மகள் உத்தரைக்கு ஆடல் சொல்லிக்கொடுக்கும் அருச்சுனன். ஆணென்றும் பெண்ணென்றும் வகைப்படுத்த முடியாத ஓர் இளவரசனின் கதையைச் சொல்லித்தான் ஊர் மழை கேட்டது. இதை யாரும் விந்தையாக நினைத்ததில்லை.

பெண் வேடம் கட்டுபவரும் அன்று ஆண்தான். சாயங்காலமே முகத்தை மழித்துக்கொண்டு வந்து உட்காருவார். தேங்காயெண்ணெய் தடவிய முகத்தில் அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைத்துப் பூசி, மையால் புருவம் நீட்டி, சவுரி வைத்துக் கொண்டை போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பக்கத்தில் ராஜ வேடக்காரர் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமுருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகள் அவை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து அல்லி ராணி குரல் கொடுத்ததும் களத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். கட்டியக்காரன் ராணியை வம்புக்கு இழுப்பான். அருச்சுனன் ராணியின் அழகைப் பாடுவான். இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் காதல் சொல்லிக்கொள்வதை ஊரே, கிழவிகள் உட்பட, கண்கொட்டாமல் பார்க்கும். யாரோ ஒருவர் எழுந்து வந்து ராணியின் சேலையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். விடிந்ததும் அதே ராணி, எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டும். களத்தில் கைதட்டியவர்களில் சிலர் பகலில் அவரைக் கேலிப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் செய்தார்கள். அந்த இரண்டும் ஒரே ஊரில்தான் நடந்தன.

இன்று அதே பகுதியைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, பென்னாகரம் போகிற பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து செல்பேசியில் இங்கிலாந்து இளவரசனின் காதலைப் படிக்கிறாள். அந்த இளவரசன் ஹென்றி காதலிப்பது அலெக்ஸ் என்ற இன்னோர் ஆணை. அலெக்ஸ் அமெரிக்க அதிபரான ஒரு பெண்மணியின் மகன். கேசி மெக்குவிஸ்டன் எழுதிய ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’ என்ற அந்த ஆங்கில நாவல் 2019 மே மாதம் வெளிவந்தது. அதே மாதத்தில் வந்த இன்னொன்று ரேச்சல் ஹாக்கின்ஸின் ‘ஹெர் ராயல் ஹைனஸ்’. டெக்சாசிலிருந்து ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி விடுதிப் பள்ளிக்குப் படிக்கப் போன மில்லி என்ற பெண்ணுக்கும், அவளோடு ஒரே அறையில் தங்கும் இளவரசி ஃப்ளோராவுக்கும் இடையில் வளரும் காதல் அது. முந்தியது பதின்பருவத்தைத் தாண்டிய இளையோருக்கு. பிந்தியது பள்ளி வயதினருக்கே. 2021இல் ஸ்வீடன் இளவரசன் வில்ஹெல்மின் கதையாக ‘யங் ராயல்ஸ்’ தொடர் வந்தது. 2023 ஆகஸ்டில் ஹென்றியும் அலெக்சும் திரைக்கு வந்தார்கள்; நாவலில் மகாராணியாக இருந்த பாட்டி, படத்தில் மன்னராகிய தாத்தாவாக மாறியிருந்தார்.

இந்தக் கதைகளின் போக்கு எளியது. முதலில் பகை, பிறகு நட்பு, பிறகு யாருக்கும் தெரியாத காதல், பிறகு ஊருக்குத் தெரிந்துவிடுகிற கலக்கம், கடைசியில் சேர்ந்து வாழ்தல். ஹென்றியும் அலெக்சும் ஒரு அரச திருமணத்தில் கைகலந்து, பெரிய கேக்கின்மேல் விழுந்து ஊர் சிரிக்கும் செய்தியாகிறார்கள். கெட்ட பெயரைத் துடைக்க நண்பர்களைப்போல் நடிக்கிறார்கள்; நடிப்பு மெய்யாகிறது. அவர்கள் எழுதிக்கொண்ட அந்தரங்க மின்னஞ்சல்கள் திருடப்பட்டு உலகத்துக்கே தெரிந்துவிடுகின்றன. அரண்மனை மறைக்கச் சொல்கிறது. அவர்கள் மறைக்க மறுக்கிறார்கள். இலக்கிய நயம் தேடுகிறவர்களுக்கு இது மெல்லிய கதையாகத் தோன்றலாம். எனக்கு அதன் முடிவு பெரிதாகப் படுகிறது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இருவரில் எவரும் மாற வேண்டியிருக்கவில்லை.

நம் பழைய கதைகளோடு ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் கனம் தெரியும். அரவானை எடுத்துக்கொள்வோம். அருச்சுனனுக்கும் நாக இளவரசி உலூபிக்கும் பிறந்த அரசகுமாரன். போருக்கு முன் களப்பலியாக ஒப்புக்கொடுக்கப்பட்டவன். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அந்தக் களப்பலி உண்டு. கூவாகத்தில் வழங்கும் கதையில் அவன் சாவதற்கு முன் ஒரு மணம் கேட்கிறான். மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி வந்து மணக்கிறான். ஓர் இரவு, விடிந்தால் பலி. சித்திரை மாதத்தில் திருநங்கைகள் கூவாகத்தில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, அடுத்த நாள் வளையல் உடைத்து வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைப்பது அந்த ஓர் இரவு வாழ்க்கைக்குத்தான். இந்தியாவில் பால்மாறிய காதலுக்கு இவ்வளவு பெரிய கோயில் மரியாதை கிடைத்த இடம் மிகக் குறைவு. ஆனாலும் அந்த மரியாதை ஒரு சாவின்மேல் எழுந்தது.

அல்லியின் கதை வேறுவிதம். அல்லி அரசாணி மாலையில் மதுரையை ஆள்கிறவள் ஆண் வாடையே வேண்டாம் என்றவள். அவள் மந்திரிகளும் சேனையும் பெண்கள். அந்த நாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டார்களா என்று சிறுவயதில் ஏங்கியிருக்கிறேன். கதை அங்கே நிற்காது. கண்ணன் உதவியால் பாம்புருவெடுத்த அருச்சுனன் அவள் தூக்கத்தில் தாலி கட்டிவிடுவான். களத்தில் அந்தக் கட்டத்துக்குச் சிரிப்பும் கைதட்டலும் எழும். மில்லியும் ஃப்ளோராவும் தங்கியிருக்கும் விடுதி அறைக்குள் எந்த அருச்சுனனும் பாம்பாக நுழைவதில்லை என்பதை நினைக்கும்போது, அந்தச் சிறிய நாவலுக்கு நான் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

என்னை அதிகம் உறுத்துகிற பழங்கதை இவை இரண்டுமல்ல. வியாச பாரதத்தின் உத்தியோக பர்வத்தில் சிகண்டியின் வரலாற்றைப் பீஷ்மர் சொல்கிறார். துருபதனுக்குப் பிறந்த சிகண்டினி என்ற பெண் ஆணாக வளர்க்கப்படுகிறாள். தசார்ண நாட்டு மன்னன் இரணியவர்மனின் மகளை அவளுக்கு மணம் முடிக்கிறார்கள். இரண்டு இளவரசிகள், ஒரு திருமணம். உண்மை தெரிந்ததும் மணமகள் தன் செவிலியரிடம் சொல்கிறாள். செய்தி தந்தைக்குப் போகிறது. அவன் படையெடுப்பேன் என்று தூது விடுகிறான். தன்னால் நாடு அழியும் என்று சிகண்டினி சாகத் துணிந்து காட்டுக்குப் போகிறாள். அங்கே தூணன் என்ற யட்சன் இரங்கி, தன் ஆண்மையைக் கொடுத்து அவள் பெண்மையை வாங்கிக்கொள்கிறான். இரணியவர்மன் பெண்களை அனுப்பிச் சோதித்துப் பார்த்து, மாப்பிள்ளை ஆண்தான் என்று உறுதியானதும் மகிழ்ந்து, பொய் சொன்னதாகத் தன் மகளைக் கடிந்துவிட்டு ஊர் திரும்புகிறான்.

அந்த மகளுக்குக் கதையில் பெயரில்லை. மணமான முதல் நாட்களில் அவள் என்ன நினைத்தாள், சிகண்டினியை வெறுத்தாளா விரும்பினாளா, செவிலியிடம் சொன்னது புகாரா அல்லது அறியாமல் வாய் தவறியதா, திரும்பி வந்த கணவனை எப்படிப் பார்த்தாள், ஒன்றும் தெரியாது. இரண்டு அரசர்களின் மானத்துக்கு நடுவில் அவள் சாட்சியாக மட்டும் இருந்தாள். சொன்னது உண்மை, கிடைத்தது திட்டு. இன்றைய இளையோர் நாவல் இவளைப் போன்ற ஒருத்தியின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் முதல் பக்கத்தைத் தொடங்குகிறது. கதை சொல்லும் முறையில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுவென்று நினைக்கிறேன். அன்று அரசனும் சூதனும் முனிவனும் சொன்னார்கள். இன்று பதினேழு வயதுப் பெண் ‘நான்’ என்று சொல்கிறாள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. கதை அச்சுக்கு வந்த காலம். கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ மூன்றரை ஆண்டு ஓடியது. இளவரசனும் இளவரசியும் காதலிப்பதைத் தமிழ்நாடு வாரம்தோறும் காத்திருந்து படித்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு. அதன்பின் சாண்டில்யன் குமுதத்தில் எழுதிய கப்பலும் கடலும் கலந்த காதல்கள். அவற்றை நானும் ஆசையாய்ப் படித்தவன். ஆனால் கூத்துக்களத்தில் தாராளமாக நடமாடிய பிருகன்னளையும் மோகினியும் அந்த அரண்மனைகளில் இல்லை. கதை அச்சேறியபோது அதன் ஒரு கதவு சாத்தப்பட்டது. வெள்ளையர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒருபால் உறவை ஆயுள்தண்டனை வரை போகும் குற்றமாக வைத்திருந்த நாட்டில், நடுத்தர வீட்டுக் கூடத்துக்குப் போகிற பத்திரிகை அந்தக் கதவைத் திறந்திருக்காது என்பதும் உண்மைதான். 1990களில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அ. ரேவதி 2005இல் ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தார். இவை அரண்மனைக் கதைகள் அல்ல. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் கதைகள். தமிழில் அந்தக் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்தான்.

சட்டமும் மாறியது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்த இருவர் சம்மதித்து வாழ்வது குற்றமில்லை என்றார்கள். மேலே சொன்ன இரண்டு நாவல்களும் அதற்கு எட்டு மாதம் கழித்து வந்தவை. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். ‘மாற்றுகிறோம்’ என்று நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னதும் அந்த உத்தரவுதான். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, வீட்டாரால் தடுத்துவைக்கப்பட்ட பெண் தன் துணையோடு போகலாம் என்றது. திருமணம் ஒன்றே குடும்பம் அமையும் வழி இல்லை என்றும் எழுதியது. சோதித்துப் பார்க்கப் பெண்களை அனுப்பிய இரணியவர்மனுக்கும், தான் போய்க் கற்றுக்கொண்ட நீதிபதிக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமானதல்ல. கூடவே இதையும் சொல்ல வேண்டும்: 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் திருமணத்தை உரிமையாக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹென்றிக்குக் கிடைப்பது இங்கே இன்னும் சட்டத்தில் இல்லை.

நாவலில் வராத, நிஜ இளவரசர் ஒருவரும் நம் நாட்டில் இருக்கிறார். குஜராத்தின் ராஜ்பிப்லா அரச குடும்பத்து மன்வேந்திர சிங் கோஹில். 1991இல் ஓர் இளவரசியை மணந்து, அடுத்த ஆண்டே பிரிந்தவர். 2006இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று செய்தித்தாளில் சொன்னார். ஊரில் அவர் கொடும்பாவி எரிந்தது. குடும்பம் வாரிசுரிமையிலிருந்து விலக்குவதாக விளம்பரம் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்குத் தன் நிலத்தில் இருப்பிடம் கட்ட முன்வந்தார். ஐரோப்பாவிலோ, நெதர்லாந்தின் பட்டத்து இளவரசி விரும்பினால் ஒரு பெண்ணை மணந்தும் அரியணை ஏறலாம் என்று 2021இல் அந்நாட்டுப் பிரதமர் மார்க் ருட்டே நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அங்கே கதைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. இங்கே சட்டத்துக்கு முன்னால் கதை ஓடுகிறது.

தர்மபுரி மாவட்டத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட நாவலைப் படிக்கும்போது வேறொரு நினைவும் கூடவே வரும். 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று அந்தத் திருமணத்தின் மணமகன், இளவரசன் என்ற இளைஞர், தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் சேர்வதற்கே இந்த விலை என்றால், ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதாக வீட்டில் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளி முடிக்கும் முன்பே மணம் முடித்துவிடும் பழக்கமும் இங்கே முழுதாக ஒழிந்துவிடவில்லை. விடுதிப் பள்ளிக் கதையில் ஃப்ளோராவின் கவலை அரண்மனையும் பத்திரிகைக்காரர்களும். இங்குள்ள வாசகியின் கவலை அடுத்த தை மாதம்.

ஆகவே அவள் தனியாகப் படிக்கிறாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் வேறு செயலிக்குத் தாவிக்கொண்டு. கல்கியின் வாசகர் மூன்றரை ஆண்டு காத்திருந்த இடத்தில் இவள் நானூறு பக்கத்தை இரண்டு இரவில் முடிக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது பெரியது: தன்னைப் போன்ற ஒருத்தி கதையின் நாயகியாக இருப்பதை, அவள் சாகாமல் இருப்பதை, பதினெட்டு வயதுக்குள் பார்த்துவிட்டாள். என் தலைமுறையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் ஊரைவிட்டுப் போனார்கள். சிலர் மணம் முடித்துக்கொண்டு வாய்திறக்காமல் வாழ்ந்தார்கள். கூத்துக்களத்தில் ராணியாக நின்ற ஒருசிலருக்கு மட்டும் ஆண்டுக்குச் சில இரவுகள் தாங்களாக இருக்க முடிந்தது.

போனதும் உண்டு. அரவான் களப்பலி இரவில் ஊரே அழுதது. அழுதவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹென்றிக்காக இவள் அழுதது யாருக்கும் தெரியாது. பதினெட்டு இரவு நடந்த பாரதம் பல ஊர்களில் மூன்று நான்கு இரவாகச் சுருங்கிவிட்டது; செலவும் கூடிவிட்டது, விழித்திருக்க ஆளும் இல்லை. வேலைக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் படுகளத்தன்று மட்டும் வந்து போகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்து மலைப்பள்ளியின் வராந்தா தெரியும். தசார்ண நாட்டு இளவரசியைத் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கதையை நாங்கள் சொன்ன விதத்தில் அவளுக்கு இடமே இல்லையே.

அந்தப் பேருந்துப் பெண்ணின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவள் இங்கேதான் வாழ வேண்டும். கல்லூரிக் கட்டுரைக்காகக் கூத்தைப் பற்றிக் கேட்க வந்தவள் அவள். பேச்சு சிகண்டி பக்கம் போய், நான் தசார்ண இளவரசியைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அந்தப் பொண்ணுக்குப் பேரே இல்லீங்களாண்ணா?” என்றாள். இல்லை என்றேன். இரண்டு வாரம் கழித்துத் தமிழில் எழுதிய எட்டுப் பக்கங்களோடு வந்தாள். இளவரசிக்குச் செம்பியள் என்று பெயர் வைத்திருந்தாள். அரண்மனை முற்றத்தில் கேழ்வரகு உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆற்றைப் பரிசலில் கடந்து மணமகள் புக்ககம் வருகிறாள். கரையில் காத்திருக்கும் சிகண்டினி கைகொடுத்து இறக்குகிறாள். செவிலியிடம் செம்பியள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது வேறொருத்தி.

எட்டாம் பக்கத்தில் கதை நின்றிருந்தது. மேலே எப்படிப் போவது என்று நான் கேட்டேன். காடு, யட்சன், உருமாற்றம் எல்லாம் இனித்தானே வரவேண்டும். அவள் கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு பேரும் காட்டுக்குப் போறாங்கண்ணா. ஆனா யட்சன் எதுக்கு? அவங்க கேக்கவே இல்லியே” என்றாள். ஒன்பதாம் பக்கத்தை அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். தேர்வு முடிந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.